பச்சை அட்டையில் எட்டுக் கையெழுத்து

ஆம்பூர்ப் பக்கத்தில் தோல் பதனிடும் தொழிற்சாலையைத் தோல் ஷாப் என்றுதான் சொல்வார்கள். அங்கே வேலைக்குச் சேர்ந்தவருக்கு முதல் ஒரு வாரம்தான் நாற்றம் தெரியும். பிறகு மூக்கு பழகிவிடும். உடம்புதான் அந்த வாசத்தை விடாது. நகக்கண்ணில், தலைமுடியில், வேர்வையில் அது தங்கிவிடும். இன்பராஜ் பத்தொன்பது வருடமாக டிரம்மில் வேலை செய்தார். டிரம் என்றால் ஓர் அறை அளவுக்குப் பெரிய மரப் பீப்பாய். உப்புப் போட்டு வந்த தோல்களைச் சுண்ணாம்புத் தண்ணீரோடு அதற்குள் போட்டு மணிக்கணக்கில் சுற்றவிடுவார்கள். முடி கழன்ற பிறகு, வழுக்கிக்கொண்டு போகும் தோல்களைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டும். இழுக்கும் வேலை அவருடையது.

பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து இடம் காலியாகவே இருக்கும். அதை வசதி என்றே எடுத்துக்கொண்டார். "நமக்குன்னா ரெண்டு சீட்டுய்யா, கலெக்டர் மாதிரி" என்று கூட வேலை செய்பவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். மகள் ஷர்மிளாவின் விஷயத்தில் மட்டும் அந்தச் சிரிப்பு அவருக்கு வந்ததே இல்லை.

ஷர்மிளாவுக்கு எட்டு வயதாக இருக்கும்போது அவளுடைய அம்மா பட்டம்மாள் இறந்துபோனாள். அதற்கு முன் ஒரு வருடம் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாதம் இரண்டு முறை பஸ்ஸில் போய் வந்தார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு மெட்ரிக் பள்ளி உண்டு. மஞ்சள் சுவர், பெரிய மைதானம். பஸ் அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் எவ்வளவு வலி இருந்தாலும் பட்டம்மாள் தலையைத் தூக்கி ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். "இங்க சேக்கணுமுன்னு சொல்லலய்யா. சும்மா பாக்குறேன்" என்பாள். ஒவ்வொரு முறையும் அதையேதான் சொல்வாள்.

அவள் போன இரண்டாவது வருடம் தோல் ஷாப்பின் நோட்டீஸ் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். தோல் ஏற்றுமதி செய்யும் சில குடும்பங்கள் சேர்ந்து ஓர் அறக்கட்டளை வைத்திருந்தன. எல்லாரும் அதை டிரஸ்ட் என்பார்கள். தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் கூலிக்கு வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கு டிரஸ்ட் படிப்புச் செலவு கொடுக்கும். இந்தப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று டிரஸ்ட் சொல்லாது. பெற்றவர்கள் எந்தப் பள்ளியைக் காட்டுகிறார்களோ அந்தப் பள்ளிக்கே கட்டணத்தில் முக்கால் பங்கைக் கட்டிவிடும். மனுவில் 'நீங்கள் தேர்ந்தெடுக்கும் பள்ளி' என்று ஓர் இடம் விட்டிருந்தார்கள். இன்பராஜ் அந்த மஞ்சள் சுவர்ப் பள்ளியின் பெயரை எழுதினார். அன்றுவரை எந்தக் கடையிலும், எந்த அலுவலகத்திலும், 'உனக்கு எது வேண்டும்' என்று யாரும் அவரைக் கேட்டதில்லை.

டிரஸ்ட் ஒரே ஒரு நிபந்தனை வைத்தது. பள்ளியில் வருடத்துக்கு மூன்று பெற்றோர் கூட்டம் நடக்கும். அப்பாவோ அம்மாவோ வந்து, ஆசிரியையோடு பேசி, டிரஸ்ட் கொடுத்த பச்சை அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். பணம் கட்டியதோடு பிள்ளையைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டுப் பெற்றவர்கள் ஒதுங்கிவிடக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். கையெழுத்து விடுபட்டால் அடுத்த வருட உதவி நின்றுபோகும்.

"இது ஒரு கஷ்டமா? நம்ம புள்ள இஸ்கூலுக்கு நாம போறதுக்கு ஒருத்தரு சொல்லணுமா?" என்று இன்பராஜ் சீனிவாசனிடம் சொன்னார்.

சீனிவாசன் அடுத்த வீட்டுக்காரர். ஷூ கம்பெனியில் தயாரான ஷூக்களைச் சரிபார்க்கும் வேலை. சட்டையைப் பேண்டுக்குள் விட்டு, கழுத்தில் அடையாள அட்டை மாட்டி, பவுடர் வாசத்தோடு கிளம்புவார். கல்யாணமாகிப் பதினான்கு வருடமாகியும் அவருக்கும் மனைவி சங்கீதாவுக்கும் குழந்தை இல்லை.

பள்ளியில் சேர்க்கும் நாள் வந்தது. இன்பராஜ் முந்தின நாளே லீவு போட்டார். இரண்டு வேளை குளித்தார். எலுமிச்சம்பழத்தை வெட்டிக் கையிலும் காலிலும் தேய்த்தார், துணி சோப்பையும் போட்டுப் பார்த்தார். அதுவும் போதாது என்று பஜாரில் அத்தர் கடை வைத்திருக்கும் அப்துல் ஹமீதிடம் போனார்.

"பாய், நல்லதா ஒண்ணு குடு. பொண்ண இஸ்கூல்ல சேக்கணும்."

"இஸ்கூலுக்கா? மாப்ள மாதிரி கேக்குறியே" என்று சிரித்தபடி ஹமீத் இரண்டு சொட்டு தடவிவிட்டார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் இன்பராஜ் தானே மூன்று சொட்டு சேர்த்துக்கொண்டார்.

தலைமை ஆசிரியையின் அறை சின்னது. மேலே மின்விசிறி சுற்றியது. அத்தரும் தோலும் ஒன்றாகக் கலந்து அறை முழுவதும் பரவின. தனியாக இருந்தால் தோல் வாசம் தோல் வாசமாக மட்டும் இருந்திருக்கும். அத்தர் சேர்ந்ததில் அது வேறு ஏதோ ஆகிவிட்டது. பக்கத்து நாற்காலியில் மகனோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா சேலைத் தலைப்பை மூக்கில் வைத்தார். பிறகு எழுந்து வராந்தாவில் போய் நின்றுகொண்டார். தலைமை ஆசிரியை ஜன்னலைத் திறந்துவிட்டார். பத்து வயது ஷர்மிளா அந்த அம்மாவைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

ஜூலையில் முதல் கூட்டத்துக்குச் சீட்டு வந்தபோது அவள் அதை அப்பாவிடம் நீட்டிவிட்டு, "பா, நீ வர வேணாம்பா" என்றாள்.

"ஏம்மா?"

அவள் கால் கட்டைவிரலால் தரையைச் சுரண்டினாள். இன்பராஜும் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் அவள் அதை வாயால் சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சிரமத்தைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம் என்று நினைத்தார்.

ஆனால் கையெழுத்து வேண்டுமே. இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சீனிவாசனிடம் போனார்.

"சீனு, ஒரு தடவ நீ போய்ட்டு வாயேன்."

"நான் யாருன்னு சொல்லிக்கினு போறது?"

"இன்பராஜுன்னு சொல்லிக்க."

"யோவ், இன்னா வெளையாடுறியா? மாட்டுனா பேஜாராப் போய்டும்."

"யாருக்குத் தெரியும்? சேக்கும்போது பாத்த பெரிய டீச்சரு மீட்டிங் பக்கம் வர மாட்டாங்களாம். டிரஸ்ட்ல இருந்து வீட்ட வந்து பாத்துட்டுப் போனாங்களே ஒரு மேடம், அவங்களும் வேலைய விட்டுப் போய்ட்டாங்களாம். ஒரே ஒரு தடவடா. அடுத்த தடவ நானே போறேன்."

சீனிவாசன் போனார். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் தெருமுனை டீக்கடையில் இன்பராஜ் அவருக்காகக் காத்திருந்தார்.

"மொதல்லேர்ந்து சொல்லு."

"போனேன். கிளாசுக்குள்ள பெஞ்சுல உக்கார வெச்சாங்க. பாரதின்னு டீச்சர். ரொம்ப மரியாதையாப் பேசுறாங்க."

"ஷர்மி எங்க நின்னா?"

"எம் பக்கத்துலதான்."

"டீச்சர் இன்னா சொன்னாங்க?"

"கணக்குல கெட்டிக்காரியாம். கையெழுத்து மட்டும் கோழி கிண்டுன மாதிரி இருக்குதாம்."

"அத எப்டி சொன்னாங்க? கோவமாவா, சிரிச்சிக்கினா?"

"சிரிச்சிக்கினுதான்யா."

"கணக்கு சொல்லும்போதா, கோழின்னு சொல்லும்போதா?"

"யோவ், டீ ஆறுது. குடிய்யா மொதல்ல!"

இன்பராஜ் குடிக்கவில்லை. இன்னொரு முறை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். வீட்டுக்கு நடக்கும்போது, அந்த வகுப்பில் தான் உட்கார்ந்திருந்ததுபோல மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். பெஞ்சு எவ்வளவு உயரம் என்று கேட்க மறந்துவிட்டோமே என்று அவருக்குத் தோன்றியது.

அடுத்த முறை அவர் போகவில்லை. அதற்கடுத்த முறையும் போகவில்லை. ஆறாம் வகுப்பு முடிந்து, ஏழு முடிந்து, எட்டு நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் சீனிவாசன் போய், பச்சை அட்டையில் ஆங்கிலத்தில் அழகாகச் சாய்த்து 'இன்பராஜ்' என்று கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு சாயங்காலமும் இன்பராஜ் டீக்கடையில் காத்திருந்தார். ஷர்மிளாவோடு அவர் இதைப் பற்றிப் பேசியதே இல்லை. கூட்டம் நடக்கும் நாட்களில் அவள் வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசுவாள். படிப்புச் சுமை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

சீனிவாசன் நல்ல பேச்சுக்காரர். சும்மா கையெழுத்துப் போட்டுவிட்டு வராமல், வீட்டில் என்ன படிக்க வைக்கலாம், எந்த மணிக்குத் தூங்க வைக்கலாம் என்றெல்லாம் ஆசிரியையிடம் கேட்பார். மனைவி இல்லாமல் தனியாகப் பெண்ணை வளர்ப்பவர் இவ்வளவு அக்கறையாக இருக்கிறாரே என்று பாரதி டீச்சர் டிரஸ்டுக்கு எழுதினார். டிசம்பரில் டிரஸ்டின் ஆண்டு விழா நடந்தது. ஒரு தகப்பனாராக மேடையில் நான்கு வார்த்தை பேச வேண்டும் என்று இன்பராஜின் பெயருக்கு அழைப்பு வந்தது.

"நான் மாட்டேன்யா. இது ஜாஸ்தி" என்றார் சீனிவாசன்.

"போகலைன்னா எங்க போனாருன்னு கேப்பாங்க சீனு. எம் பொண்ணப் பத்தி ரெண்டு நல்ல வார்த்த சொல்லிட்டு எறங்கிடு."

சீனிவாசன் மேடை ஏறினார். 'என் மகள்' என்ற வார்த்தையையே இரண்டு முறை சொன்னார். அது நடிப்பு இல்லை. அரங்கத்தில் எல்லாரும் கை தட்டினார்கள்.

பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டிரஸ்டில் புதிதாகச் சேர்ந்த ஷஹீன் பானு இன்பராஜின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் விழா மலரும், கண்ணாடி போட்ட ஒரு படமும் இருந்தன. இன்பராஜ் வாசலில் உட்கார்ந்து துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

"இன்பராஜ் சார் வீடு இதானே அண்ணா? சார் இருக்காங்களா?"

தன்னை ஷர்மிளாவின் சித்தப்பா என்றோ மாமா என்றோ சொல்லியிருக்கலாம். சார் வெளியே போயிருக்கிறார் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அவருடைய பெயரோடு 'சார்' சேர்த்து அதுவரை யாரும் வாசலில் வந்து கேட்டதில்லை. சோப்பு நுரையோடு எழுந்து நின்று, "நான்தாம்மா" என்று சொல்லிவிட்டார்.

ஷஹீன் பானு அவரைப் பார்த்தாள். கையிலிருந்த படத்தைப் பார்த்தாள். "அப்ப இவரு யாரு?" என்றாள்.

இன்பராஜ் கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். படத்தில் ஷர்மிளா பரிசுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். சீனிவாசன் அவள் தோளில் கை வைத்திருந்தார். கீழே அச்சில், 'மகளோடு பெருமைமிகு தந்தை திரு. இன்பராஜ்' என்று போட்டிருந்தது. மாட்டிக்கொண்டோம் என்று அவர் முதலில் நினைக்கவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்தார். ஷர்மிளா இவ்வளவு உயரம் வளர்ந்துவிட்டாளா என்று நினைத்தார்.

உள்ளிருந்து வந்த ஷர்மிளா கதவுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டாள்.

விழா மலர் எல்லாத் தோல் ஷாப்புக்கும் போயிருந்தது. மறுநாள் டிரம் பக்கத்தில் ஒருவன் அதை விரித்து வைத்துக்கொண்டு, "இன்னா இன்பா, ஒன் பொண்ணுக்கு அப்பா வேற ஆளாமே?" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். இன்பராஜ் தோலை இழுத்துக்கொண்டே இருந்தார். அன்று அவர் கை இரண்டு முறை வழுக்கியது.

புதன்கிழமை மூன்று மணிக்கு டிரஸ்ட் கமிட்டி அவரை வரச் சொன்னது. பாதி வேலையில் ஆள் வந்து கூப்பிட்டதால் குளிக்க நேரமில்லை. ரப்பர் பூட்ஸை மட்டும் கழற்றிவிட்டு, நனைந்த பேண்டோடு டிரஸ்ட் ஆபீஸ் மாடி ஏறினார். நடுவில் உட்கார்ந்திருந்தவர் சர்தார் பாஷா. இரண்டு தோல் ஷாப்புக்குச் சொந்தக்காரர். இன்பராஜ் வாசற்படியிலேயே நின்றார்.

"உள்ள வாய்யா. ஏன் அங்கயே நிக்கிற?"

"வாசம் வரும் சாப்."

சர்தார் பாஷா கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கா சொல்ற? எங்க அப்பா சுண்ணாம்புக் குழியில எறங்கி நின்னவரு. அந்த வாசத்தோடதான் எங்களுக்குச் சோறு ஊட்டுவாரு. வந்து உக்காரு."

அவருக்கு நாற்காலி போட்டார்கள். யாரும் ஜன்னல் பக்கம் போகவில்லை. அவர் நடந்ததை எல்லாம் சொன்னார். அத்தரைச் சொன்னார். வராந்தாவில் போய் நின்ற அந்த அம்மாவைச் சொன்னார். மகள் சொன்ன ஒரே ஒரு வார்த்தையை மட்டும் சொல்லாமல் விட்டார். 'எனக்கே கூச்சமா இருந்துச்சி சாப்' என்றுதான் சொன்னார்.

ஷஹீன் பானு குனிந்து அட்டையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். "அண்ணா, 'என்னால வர முடியாது, இவரு எனக்குப் பதிலா வருவாரு'ன்னு ஒரு வரி எழுதிக் குடுத்திருந்தா போதும். அதுக்கு எடம் இருக்கு. அட்டை பின்னாடியே போட்டிருக்கு."

பச்சை அட்டையின் பின்பக்கத்தை இன்பராஜ் ஒருநாளும் பார்த்ததில்லை. அட்டை எப்போதும் சீனிவாசனிடம் இருந்தது.

"எட்டுக் கையெழுத்துய்யா" என்றார் சர்தார் பாஷா. அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "நீ இதே பேண்டோட வந்திருந்தா கூட உக்கார வெச்சிருப்போம். வேற ஆள ஒம் பேருல அனுப்பிட்டியே. நூத்தி எழுபது புள்ளைங்க இருக்குது. ஒனக்கு விட்டுட்டு நாளைக்கு இன்னொருத்தருக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

இந்த வருடம் முடியும்வரை கட்டணம் கட்டுவார்கள். ஏப்ரலோடு உதவி நின்றுவிடும். அதற்குமேல் அந்தப் பள்ளியில் படிக்க வைக்கும் பணம் அவர் கனவிலும் இல்லை.

கீழே இறங்கி வந்தபோது சீனிவாசன் தெருவில் நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது. "நானே வந்து சொல்றேன் இன்பா. எம் மேலதான் தப்புன்னு சொல்றேன்."

"நீ எங்க தப்பு பண்ண? நான் கேட்டேன், நீ போன."

"இல்ல. கடைசிக் கடைசில நீ கேக்காட்டிகூட நான் போயிருப்பேன்" என்றார் சீனிவாசன். இருவரும் தெருமுனை வரை நடந்தார்கள். டீக்கடையில் நிற்கவில்லை.

வீட்டில் ஷர்மிளா அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். ஜூனில் ஆம்பூர் அரசு பெண்கள் பள்ளியில் சேர்க்கலாம், அங்கேயும் நன்றாகத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்றார். அவள் தலையாட்டினாள். "ஒனக்கு அசிங்கமாயிடக் கூடாதுன்னுதாம்மா பண்ணேன்" என்று அவர் சொன்னபோதுதான் அவள் கை நின்றது.

"எனக்கு அசிங்கமா இருந்துச்சிதான். அன்னிக்கு. அந்த ஆன்ட்டி எழுந்து போனப்போ." அவள் அவரைப் பார்க்காமல் பேசினாள். "நான் ஒரே ஒரு நாள் சொன்னேம்பா. நீ மூணு வருஷம் அதையே கேட்டுக்கினு இருந்துட்ட."

"நீ வான்னு சொல்லலியேம்மா."

"எப்டி சொல்றது? வராதன்னு சொன்னது நான்தானே." பானையைத் தள்ளி வைத்தாள். "ஒவ்வொரு மீட்டிங்குக்கும் கேட்டையே பாத்துக்கினு இருப்பேன். இந்தத் தடவ நீ வந்துடுவேன்னு. சீனு மாமாதான் வருவாரு. அவர நான் ஒரு தடவகூட அப்பான்னு கூப்புடல. டீச்சர் முன்னாடி கூட எதுவும் சொல்லாமதான் நிப்பேன்."

சீனிவாசன் அத்தனை முறை அத்தனை விவரம் சொல்லியும் இதை மட்டும் சொல்லவில்லை. இன்பராஜ் எழுந்து போய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பானையில் இருந்த அரிசியை அவரே எடுத்துக் களையத் தொடங்கினார். ஏற்கெனவே களைந்த அரிசிதான் அது.

மார்ச் மாதம் கடைசிக் கூட்டத்துக்குச் சீட்டு வந்தது. பச்சை அட்டையை டிரஸ்ட் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டது. இனி போனாலும் ஒன்றுதான், போகாவிட்டாலும் ஒன்றுதான். இன்பராஜ் சனிக்கிழமை லீவு போட்டார். எப்போதும்போல ஒரு முறை குளித்தார். அத்தர் கடைப் பக்கம் போகவில்லை.

கேட்டில் ஷர்மிளா நின்றிருந்தாள். அவர் பஸ்ஸிலிருந்து இறங்கியதுமே, "பா!" என்று கத்தினாள். சைக்கிள் ஸ்டாண்டில் நின்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். மஞ்சள் சுவரைத் தாண்டி உள்ளே போகும்போது அவர் ஒருமுறை திரும்பி நெடுஞ்சாலையைப் பார்த்தார். வேலூர் போகும் பஸ் ஒன்று போய்க்கொண்டிருந்தது.

வகுப்பில் பெஞ்சு அவர் நினைத்ததைவிடத் தாழ்வாக இருந்தது. முழங்கால் மேசையில் இடித்தது. பாரதி டீச்சர் நிமிர்ந்து பார்த்து, "நீங்க...?" என்றார்.

"ஷர்மிளா அப்பா."

டீச்சருக்கு விஷயம் தெரிந்திருந்தது. தாள்களைப் புரட்டினார். பிறகு, "கணக்குல ரொம்ப நல்லா பண்றா. கையெழுத்துதான் இன்னும் கோழி கிண்டின மாதிரியே இருக்கு" என்றார். கோழி என்று சொல்லும்போதுதான் சிரித்தார்.

"தெரியும்மா" என்றார் இன்பராஜ்.

"அடுத்த வருஷம் இவ இங்க இல்லாதது எனக்குக் கஷ்டமா இருக்கு சார்."

டீச்சர், கூட்டத்துக்கு வரும் பெற்றோர் கையெழுத்துப் போடும் பள்ளிப் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார். ஷர்மிளாவின் பெயருக்கு நேரே இந்த வருடத்துக்கான இரண்டு கட்டங்களில் சீனிவாசனின் சாய்ந்த ஆங்கிலக் கையெழுத்து இருந்தது. அழகான கையெழுத்து. மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது. இன்பராஜ் பேனாவை வாங்கினார். சுண்ணாம்பில் தடித்துப்போன விரல்களுக்குள் பேனா சரியாக நிற்கவில்லை. தமிழில் ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். கட்டத்துக்குள் இடம் போதாமல் பெயர் வெளியே நீண்டது.

"போதும் சார், பரவால்ல" என்றார் டீச்சர். வெளியே அடுத்த பெற்றோர் காத்திருந்தார்கள்.

ஷர்மிளா அவர் தோளை ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி எழுத்துக்கு மேல் புள்ளி வைக்க வேண்டியிருந்தது. அவர் பேனாவைத் தூக்கி, இடம் பார்த்து, மெதுவாக அதை வைத்தார்.